கம்ப்ரஸரை நிறுத்தியவள்

போன மாதம் நான் படித்த கல்லூரியின் சுரங்கப் பொறியியல் துறையிலிருந்து ஒரு மாணவி போன் செய்தாள். துறைக்கு ஆண்டு மலர் போடுகிறார்களாம். "சார், இப்ப எங்க கிளாஸ்ல பொண்ணுங்க நிறைய இருக்கோம். அண்டர்கிரவுண்டுக்கே போலாம்னு சட்டம் மாறிடுச்சு. நீங்க ஓசூர் பக்கம் கிரானைட் குவாரியில மேனேஜரா இருந்தீங்களாமே. அப்ப உங்ககூட லேடி இன்ஜினியர் யாராவது வேலை செஞ்சிருந்தா அவங்களப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க சார். படிக்கிறவங்களுக்கு ஊக்கமா இருக்கும்."

ஊக்கமாம்! வாய் வரைக்கும் ஒன்று வந்தது, அடக்கிக்கொண்டேன். அந்தச் சின்னப் பெண் என்ன பாவம் செய்தாள்? "எழுதித் தரேம்மா. ஊக்கம் இருக்குமான்னு எனக்குத் தெரியாது" என்றேன். நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். மத்திகிரியில் வாடகை வீட்டில் உட்கார்ந்து தினசரி பேப்பரைப் புரட்டிக்கொண்டிருக்கும் கிழவனுக்குத் தமாஷ் ஒன்றுதான் குறைச்சல்.

என் படிப்புக் கதையைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் கிராமம். மைனிங் சீட் கிடைத்திருக்கிறது என்று சொன்னபோது அப்பா, "கல்லு உடைக்கிறதுக்கு எதுக்குடா காலேஜு? நம்ம ஊர்லயே உடைக்கிறானுகளே" என்றார். முதல் வருடம் கணக்கும் பிஸிக்ஸும். அப்புறம் சர்வே, வெடிமருந்து, பாறையின் பலம், காற்றோட்டம், சுரங்கச் சட்டம். சட்டம் நடத்திய பேராசிரியர் தூங்கி வழியும் குரலில் ஒரு நாள் சொன்னார்: "ஆபத்துன்னு தோணினா முதல்ல ஆளை வெளியே ஏத்து. அது நிஜமா பொய்யான்னு அப்புறம் யோசி." அத்தனை வருடப் படிப்பில் எனக்குச் சோறு போட்டது அந்த ஒரு வரிதான். மற்றதையெல்லாம் பரீட்சை எழுதி மறந்தேன்.

அங்கே இங்கே சுற்றி, இரண்டாயிரம் பிறந்த பிறகு சூளகிரிப் பக்கம் ஒரு கிரானைட் குவாரிக்கு மேனேஜராக வந்து சேர்ந்தேன். நெடுஞ்சாலையில் லாரிகள் பெரிய பெரிய கல் பாளங்களைச் சங்கிலி போட்டுக் கட்டிக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடிக்கொண்டிருந்த காலம் அது. ஓசூர் ஃபேக்டரிக்காரர்கள் ஷிஃப்ட் பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போவார்கள். நாங்கள் எதிர்த்திசையில் புழுதியைத் தின்னப் போவோம்.

எங்கள் ஜி.எம். பெங்களூர்க்காரர். குரலை உயர்த்தி நான் பார்த்ததில்லை. யார் போய் எதைக் கேட்டாலும் முதலில் உட்காரச் சொல்வார். மேஜை மேல் எப்போதும் கமலா ஆரஞ்சு இருக்கும். ஒன்றை எடுத்து உரித்து, சுளையில் ஒட்டிய வெள்ளை நாரைக்கூடப் பொறுமையாக எடுத்துவிட்டு, எதிரில் இருப்பவர் கையில் வைப்பார். "ஆகலி, மாடோணா" என்பார். ஆகட்டும், செய்துவிடலாம் என்று கன்னடத்தில் அர்த்தம். முடியாது என்ற சொல்லை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. அவர் ஆகலி சொன்ன காரியம் நடந்ததையும் யாரும் பார்த்ததில்லை. எல்லோருக்கும் ஹெல்மெட் வேண்டும் சார் என்றேன், ஆகலி. சுவரை இப்படி ஒரே செங்குத்தாக விடக்கூடாது, படி படியாக வெட்டி இறக்கணும் சார் என்றேன், ஆகலி. ஆரஞ்சு தின்றே என் நாக்கு புளித்துப்போனது.

அந்தக் காலத்தில்தான் மஞ்சுளா வந்தாள். நாகரசம்பட்டிக்காரி. வீட்டில் மாந்தோப்பு, பேச்சு தெலுங்கு. கவுன்சிலிங்கில் எலக்ட்ரானிக்ஸ் தீர்ந்துபோயிருக்கிறது. பக்கத்தில் நின்ற அப்பா மைனிங்கைக் கை காட்டியிருக்கிறார். "நம்ம ஊரைச் சுத்தி மலை மலையா கல்லுதான. படிச்சு முடிச்சா பெங்களூரு போயி ஆஸ்டல்ல கெடக்க வேணாம், வூட்லருந்தே வேலைக்குப் போலாம்" என்பது அவர் கணக்கு. நியாயமான கணக்குதான்.

கல்லூரியில் மாணவர்களை ஆழச் சுரங்கத்துக்குக் கூட்டிப்போனபோது, பையன்களைக் கூண்டில் ஏற்றிக் கீழே இறக்கினார்கள். பெண்களை மேலே ஆபீஸில் உட்கார வைத்து டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். அப்போது சட்டம் அப்படி. பெண் பூமிக்கடியில் இறங்கக் கூடாது. "நாலு வருஷம் படிச்சதுல நான் பார்த்த அண்டர்கிரவுண்டு அந்த பிஸ்கட்டுதான் சார்" என்று மஞ்சுளா ஒரு முறை சொன்னாள். ஆனால் குவாரி மாதிரித் திறந்தவெளிச் சுரங்கத்தில் பகலில் வேலை செய்யலாம். டிகிரிக்குப் பிறகு களத்தில் பயிற்சி எடுத்து, கம்பெனி அதை உறுதிப்படுத்தினால், திறந்தவெளிக்கு மட்டுமான மேனேஜர் பரீட்சை எழுதலாம். அவளுக்கு இருந்தது அந்த ஒரே கதவு. அந்தப் பயிற்சிக்காகத்தான் என்னிடம் வந்தாள்.

எங்கள் குவாரியை இப்படி மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய குழி. அதன் பாதி உயரத்தில் ஒரு அகலமான படி. அதைப் பெஞ்சு என்போம். அதில் நின்றுதான் ஆட்கள் துளை போட்டுக் கல்லைப் பெயர்ப்பார்கள். பெஞ்சுக்குப் பின்னால் ஆள் அண்ணாந்து பார்க்கும் உயரத்துக்குச் செங்குத்தான பாறைச் சுவர். சுவருக்கு மேலே தரை. குழியின் வாயில் குங்குமம் பூசிய ஒரு கல், அதுதான் முனியப்பன்.

பெஞ்சு மேல் பெண் கால் படக்கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். குவாரியில் பெண்களே இல்லையா என்று கேட்காதீர்கள். துளை போடும் முனிரத்தினத்தின் பெண்டாட்டி லட்சுமம்மா உட்படப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் குழியின் அடியில் காலை முதல் மாலை வரை கழிவுக் கல்லைக் கூடையில் சுமந்து கொட்டிக்கொண்டிருந்தார்கள். கூடை சுமந்தால் முனியப்பனுக்குக் கோபம் வராது. பெஞ்சில் ஏறினால் மட்டும் வரும்.

முதல் நாள் மஞ்சுளா ஷூவும் ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு பெஞ்சுக்குப் போகும் ஏணியில் கால் வைத்தாள். மேலே அத்தனை டிரில்லும் நின்றது. முனிரத்தினம் ஏணித் தலைப்பில் வந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டான். "ஒத்தம்மா" என்றான். வேண்டாம்மா என்று தெலுங்கில். "நீங்க படிச்சவங்க, ஒங்களுக்கு இன்னா. நாங்க புள்ளகுட்டிக்காரங்க. கல்லு கோச்சிக்கினா எங்க தலைல வுழும்."

நான் கத்தினேன். அவன் கும்பிட்ட கையை இறக்கவில்லை. பஞ்சாயத்து ஜி.எம்.மிடம் போனது. ஆரஞ்சு வந்தது. அவர் சொன்ன தீர்ப்பைக் கேட்டால் சிரிப்பீர்கள். காலையில் ஆட்கள் வருவதற்கு முன்னால் பெஞ்சைச் சோதனை செய்வது எப்படியும் விதிதானே, அதை மஞ்சுளா செய்யட்டும், ஆட்கள் வரும்போது கீழே இருக்கட்டும். யாரும் பார்க்காவிட்டால் தீட்டு இல்லை. எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அவள் தினமும் ஏறுகிறாள் என்பது முனிரத்தினம் உட்பட எல்லோருக்கும் தெரியும். தெரியாத மாதிரி டீ குடித்துக்கொண்டிருப்பார்கள்.

அந்தக் காலைச் சோதனையை அவள் செய்த விதத்தை நான் சொல்லியே ஆக வேண்டும். முதலில் சுவருக்கு மேலே உள்ள தரைக்குப் போவாள். சுவர் விளிம்பிலிருந்து நாலு எட்டு உள்ளே, விளிம்புக்கு இணையாக ஒரு வெடிப்பு ஓடியது. முடி கனம்தான். பாறையில் வெடிப்பு இருப்பது அதிசயமில்லை. அது வளர்கிறதா என்பதுதான் கேள்வி. அதற்காக வெடிப்பின் குறுக்கே உள்ளங்கை அகலத்துக்குச் சிமெண்டு பூசி வைப்போம். சிமெண்டு முழுசாக இருந்தால் பாறை அசையவில்லை. சிமெண்டு கீறினால் பாறை நகர்கிறது. அவ்வளவுதான் விஷயம், பெரிய மெஷின் ஒன்றும் வேண்டாம். அவள் ஒவ்வொரு பூச்சின் மேலும் குனிந்து, விரலை ஓட்டிப் பார்ப்பாள். பிறகு பெஞ்சுக்கு இறங்கி, கடப்பாரையால் சுவரைத் தட்டிக்கொண்டே போவாள். கணீர் என்றால் கெட்டி. பொத்தென்றால் உள்ளே பிளவு. பொத்தென்ற இடத்தில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பி, தொங்கும் கல்லைத் தள்ளிவிட்டுத்தான் கீழே வருவாள். வந்து "இன்னிக்கு சரியா இருக்கு சார்" என்பாள். அதற்குப் பிறகுதான் நான் ஆட்களை ஏற்றுவேன். எனக்குக் கீழே வேலை செய்த எந்த ஆண்பிள்ளையும் விரலை ஓட்டிப் பார்த்ததில்லை. தூரத்தில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு ஓகே சார் என்பான்கள்.

ஐப்பசி அடைமழை விட்டிருந்த ஒரு நாள். காலையில் எல்லாம் சரியாக இருந்தது. நான் பர்மிட் விஷயமாகக் கிருஷ்ணகிரிக்குப் போயிருந்தேன். நடந்ததை அப்புறம் லட்சுமம்மாவிடமும் மேஸ்திரியிடமும் கேட்டுத்தான் கோர்த்துக்கொண்டேன்.

மழைத் தண்ணீர் வெடிப்புக்குள் இறங்கியிருக்குமே என்ற சந்தேகத்தில் மஞ்சுளா உச்சி வெயிலில் இன்னொரு தரம் மேலே போயிருக்கிறாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. இரண்டு சிமெண்டுப் பூச்சு குறுக்கே கீறி, விரல் நகம் நுழையும் அளவுக்கு வாயைப் பிளந்திருந்தது. எனக்கு போன் போட்டாள். பஸ்ஸில் இருந்தேன். "சார், பூச்சு விட்டுடுச்சு" என்றது மட்டும் கேட்டது, சிக்னல் போய்விட்டது. அப்போதைய செல்போன் லட்சணம் அப்படி.

ஓடி வந்து மேஸ்திரியிடம், "ஆளுங்கள இறக்குங்கண்ணா" என்றிருக்கிறாள். "சார் வரட்டும் மேடம். பொழுதுக்குள்ள கல்லு எறக்கணும்னு ஜி.எம். சொல்லிக்கிறாரு" என்று அவன் பீடியைப் பற்றவைத்திருக்கிறான். அவள் அவனோடு பேசி நேரத்தை வீணாக்கவில்லை. நேராகப் போய்க் கம்ப்ரஸரை நிறுத்தினாள். காற்று நின்றால் மேலே எல்லா டிரில்லும் செத்துவிடும், ஆட்கள் இறங்கி வருவார்கள் என்று நினைத்தாள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஆனால் கம்ப்ரஸர் ரிப்பேர் என்றால் எங்கள் ஆட்கள் இறங்க மாட்டார்கள். கிடைத்தது ஓய்வு என்று நிழலுக்குப் போவார்கள். அந்தக் குழியில் உச்சி வெயிலுக்கு இருந்த ஒரே நிழல் அந்தச் சுவரின் அடி! பெஞ்சு விளிம்பில் நின்று துளை போட்டுக்கொண்டிருந்த ஆறேழு பேரும் வந்து, சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார்கள். முனிரத்தினம் தலைத்துண்டை விரித்துப் படுத்தேவிட்டான். கீழேயிருந்து அவள் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள். "ரிப்பேரா? மெதுவா பாருங்க, அவசரமில்ல" என்று மேலேயிருந்து பதில் வந்திருக்கிறது.

ஏறினால் வேலை போய்விடும், பரீட்சையும் போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும். அது தெரியாத மண்ணாங்கட்டி இல்லை அவள். ஏணியில் ஏறினாள். பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, பெஞ்சு மேல் போய் நின்று, "எந்திரிங்க, செவுரு வருது, எறங்குங்க" என்று தெலுங்கில் கத்தினாள்.

இறங்கினார்கள். விழுந்தடித்துக்கொண்டு இறங்கினார்கள். அவள் சொன்னதைக் கேட்டு இல்லை. அவள் ஏறியதைப் பார்த்து! பெஞ்சில் பெண் கால் பட்டுவிட்டது, இனி ஒரு நிமிஷம் அங்கே இருக்கக்கூடாது என்று இறங்கினார்கள். கீழே வந்து அவளைச் சூழ்ந்துகொண்டு வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் கம்ப்ரஸர் பக்கத்தில் தனியாக நின்றிருந்தாள். சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள். "சார், சாவியை நான் தர மாட்டேன்" என்றாள். என்னிடமே!

நான் மேலே போய்ப் பார்த்தேன். பூச்சு பிளந்துதான் இருந்தது. பெஞ்சுக்குக் குறுக்கே கயிறு கட்டி, என் உத்தரவில்லாமல் யாரும் ஏறக்கூடாது என்று பலகை வைத்தேன். வைக்கவே தேவையிருக்கவில்லை. சாமிக்குப் பூஜை போட்டு, பூசணிக்காய் சுற்றி உடைத்தால்தான் ஏறுவோம் என்று ஆட்களே உட்கார்ந்துவிட்டார்கள். ஜி.எம். வெள்ளிக்கிழமை பூஜை என்று ஆகலி சொன்னார். அவர் வாழ்நாளில் நடத்திக் காட்டிய ஒரே ஆகலி அதுதான்.

சுவர் அன்றைக்கு விழவில்லை. மறுநாளும் விழவில்லை. மேஸ்திரி என்னைப் பார்க்கும்போதெல்லாம் சுவரையும் பார்த்துவிட்டுச் சிரித்தான். வியாழக்கிழமை சாயந்திரம், ஆட்கள் முனியப்பனுக்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தபோது, எந்தச் சத்தமும் முன்னறிவிப்பும் இல்லாமல் வெடிப்பு வரைக்கும் சுவர் அப்படியே கழன்று பெஞ்சு மேல் உட்கார்ந்தது. புழுதி அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவர்கள் காலை நீட்டி உட்கார்ந்திருந்த இடத்தில் லாரி உயரத்துக்குக் கல் கிடந்தது.

சரி, இப்போதாவது அவளைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள் என்று நினைத்தேன். நாற்பது வயதுக்கு மேலும் மனிதன் முட்டாளாக இருக்கலாம் என்பதற்கு நானே சாட்சி.

"பாத்தீங்களா சார்" என்றான் முனிரத்தினம். "முனியப்பன் காட்டிட்டாரு பாத்தீங்களா."

"யோவ், நீ படுத்திருந்த எடம்யா அது! அந்தப் பொண்ணு வந்து எழுப்பலன்னா உன்னை வழிச்சு எடுத்திருக்கணும்."

"அந்தப் பொண்ணு ஏறலன்னா அது இன்னாத்துக்கு சார் வுழப்போவுது? இத்தினி வருசமா வுழாத செவுரு."

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? பாறை இயக்கவியலில் இதற்குப் பதில் இல்லை. லட்சுமம்மாவைப் பார்த்தேன், புருஷன் உயிர் பிழைத்திருக்கிறதே, அவளாவது ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளா என்று. "நல்ல பொண்ணுதான் சார். ஆனா ஏறுனது தப்புதான" என்றுவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போனாள். சொன்னது பலித்தால் சொன்னவன் வாய் முகூர்த்தம் என்று கொண்டாடுவார்கள். இவள் சொன்னது பலித்ததும் சூனியக்காரியாகிவிட்டாள். சுவர் விழாமல் இருந்திருந்தால் பைத்தியக்காரி என்று விட்டிருப்பார்கள், ஒருவேளை மன்னித்துக்கூட இருப்பார்கள். விழுந்ததுதான் அவளுக்கு எமனாகப் போனது.

ஜி.எம். அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து ஆரஞ்சு உரித்தார். என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டார். "நல்ல ஹுடுகி, நல்ல பொண்ணு. ரொம்பத் தைரியம். ஆனா ஆளுங்க வேலைக்கு வரணுமே, நான் என்ன பண்ணட்டும்? சர்டிஃபிகேட் குடுத்துடலாம். ஆகலி." கொடுத்தார். ஆபீஸ் வேலையில் பயிற்சி பெற்றார் என்று அச்சடித்துக் கொடுத்தார். களத்தில் என்ற வார்த்தையே அதில் இல்லை.

"ஆபீஸ்னு போட்டா எக்ஸாம் எழுத விட மாட்டாங்க சார்" என்றாள் மஞ்சுளா. அவள் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

"பெஞ்சுல பொம்பளை வேலை செஞ்சதா நான் எழுதினா நாளைக்கு ஆளுங்க என்ன சொல்வாங்க? புரிஞ்சுக்கோம்மா" என்று இன்னொரு சுளையை நீட்டினார். அவள் வாங்கவில்லை. எழுந்து வெளியே போனாள்.

நான் மேஜையைத் தட்டிச் சண்டை போட்டேன். மேனேஜர் என்ற முறையில் தினமும் அவள் என்ன செய்தாள் என்று தனியாக எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பரீட்சைக்காரர்களுக்கு அனுப்பினேன். அவர்கள் கம்பெனியைக் கேட்டார்கள். கம்பெனி, அந்தப் பெண் ஆபீஸில்தான் இருந்தாள் என்றது. விண்ணப்பம் திரும்பி வந்தது. அந்த மாசமே நான் வேலையை விட்டேன். அதற்குப் பிறகு கிருஷ்ணகிரிப் பக்கம் ஜல்லி கிரஷர்களில் கணக்குப் பார்த்துக் காலத்தை ஓட்டினேன். என்னை விடுங்கள், நான் பரீட்சை எழுதி முடித்தவன்.

அவளை வேறு இரண்டு குவாரிகளுக்குக் கூட்டிப்போனேன். நாங்கள் போவதற்கு முன்னாலேயே கதை போய்விட்டிருந்தது. சூளகிரியிலிருந்து கிருஷ்ணகிரி வரை அவளுக்கு ஒரு பெயர் விழுந்திருந்தது. மலையைச் சாய்ச்ச பொண்ணு. ஒரு குவாரி வாசலில் வாட்ச்மேன் அவளைப் பார்த்துவிட்டு, கேட்டைத் திறக்காமலே தரையில் துப்பினான். திரும்பும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "போதும் சார். இனிமே யாரையும் கேக்க வேணாம்" என்றாள். நாலு வருடம் படித்த படிப்பு அந்த பஸ்ஸோடு முடிந்தது. எனக்கு இன்றைக்கும் அந்த ஆத்திரம் அடங்கவில்லை. அடங்க வேண்டிய அவசியமும் தெரியவில்லை.

அதனால்தான் ஆண்டு மலர் பிள்ளைகளே, உங்களுக்கு ஊக்கம் எழுத என் கை வரவில்லை. ஹெல்மெட்டோடு நீங்கள் நிற்கும் போட்டோவைப் பக்கத்துக்குப் பக்கம் போடுங்கள், நன்றாக இருக்கட்டும். உங்கள் பெஞ்சிலும் ஒரு முனிரத்தினம் கும்பிட்டுக்கொண்டு நிற்பான், உங்கள் ஆபீஸிலும் ஒருவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருப்பார். சட்டம் மாறிய சேதி அவர்களுக்கு யார் சொன்னார்களோ.

இதை எழுதுவதற்கு முன்னால் மஞ்சுளாவிடம் அனுமதி கேட்க போன் செய்தேன். இப்போது கிருஷ்ணகிரியில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், வீடு கட்டுகிறவர்களுக்கு பிளான் வரைந்து கொடுக்கிறாள். கல்யாணம் ஆகி, இரண்டு குழந்தைகள். எழுதுங்க சார், அதுக்கென்ன என்றாள். பேச்சு பழைய ஆட்கள் பக்கம் போனது. நானே கேட்டேன், முனிரத்தினத்தை எப்போதாவது பார்ப்பாயா என்று.

"வாரத்துல ரெண்டு நாளாவது பார்ப்பேன் சார். இங்க ரவுண்டானாகிட்ட பேரனை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போவாரு. என்னைப் பாத்தா இன்னமும் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போயிடுவாரு, என் நெழலு பையன் மேல படக்கூடாதுன்னு."

எனக்கு ரத்தம் கொதித்தது. "அவனை நாலு கேள்வி கேட்டாயாம்மா?"

"எதுக்கு சார்" என்றாள். "ரெண்டு காலால நடந்துதான போறாரு. போகட்டும்."